இறங்காத கன்னி

பேச்சியம்மாவின் வீட்டுக் கன்னி பதின்மூன்று வருடமாக யார் மேலும் இறங்கவில்லை. புருஷன் வீரையாவுக்கு அது பெரிய குறை. பேச்சியம்மாவுக்கு அதுதான் உயிர்.

வீரையாவின் ஆட்கள் கன்னி கும்பிடுகிறவர்கள். கலியாணம் காணாமல் ஒரு பெண்பிள்ளை செத்துப்போனால் அவளை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுத் தெய்வம். ஓர் ஓலைப்பெட்டியில் அவளுக்குப் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன் எல்லாம் வைத்துக் கூரை வளைமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வருடத்துக்கு ஒருதரம் பெட்டியை இறக்கி, பழைய உடுப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, பொங்கிப் படைத்து, கோடாங்கியைக் கொண்டு உடுக்கடித்துக் கூப்பிடுவார்கள். வீட்டுப் பெண் யார் மேலாவது கன்னி வந்து இறங்கி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியபோது அவர்களோடு இந்த வழக்கமும் வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு நெருப்பு வைத்து விரட்டியபோது சட்டி பானையை விட்டுவிட்டு ஓடினார்கள். வழக்கத்தை விடவில்லை.

வீரையாவின் வீட்டுக் கன்னி அவனுடைய மூத்த பிள்ளை. அவன் கண்ணால் காணாத பிள்ளை. பிறந்த கையோடு காய்ச்சலில் செத்துப்போனது என்று பேச்சியம்மா சொல்லியிருந்தாள்.

பிள்ளை சாகவில்லை. பேச்சியம்மா அதை ஒரு வெள்ளைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் லயம் எரிந்தது. வன்னியில் காடு வெட்டினால் காணி கிடைக்குமாம், ஒரு கொட்டில் போட்டுவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று வீரையா பஸ் ஏறினான். வயிற்றுப்பிள்ளையோடு அவள் ஒரு சொந்தக்காரியின் லயத்தில் ஒண்டினாள். மாதங்கள் போயின. அவன் வரவில்லை. வழியில் ஒரு பஸ்ஸை எரித்தார்கள், அதில் உன் புருஷனும் இருந்தான் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். சொன்னவன் ஒரு வாய் தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போனான். தையில் பெண்பிள்ளை பிறந்தது. "எங்க வயித்துக்கே இல்ல, நீ இன்னொண்ணத் தூக்கிட்டு வராத" என்று சொந்தக்காரி ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிங்களப் பெண் நின்றாள்; எல்லாரும் நோனா என்றார்கள். உடைந்த தமிழில் இனிக்க இனிக்கப் பேசினாள். வெள்ளைக்காரர் படிக்க வைப்பார்கள், வருடா வருடம் போட்டோ அனுப்புவார்கள், பிள்ளை பெரிதானதும் கூட்டிவந்து காட்டுவார்கள் என்றாள்.

நோனா அவளைக் கூட்டிப்போனது கொழும்பில் கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றுக்கு. அங்கே இவளைப்போல் பல பெண்கள் மடியில் பிள்ளையோடு சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். ஒருத்தியோடு ஒருத்தி கதைக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு நாள் சேலை உடுத்தச் சொன்னார்கள். கோர்ட்டில் ஓர் ஐயாவின் முன்னால் நிறுத்தினார்கள். அவர் சிங்களத்தில் என்னவோ கேட்டார். நோனா தலையாட்டச் சொன்னாள். ஆட்டினாள். வெளியே வந்ததும் ஒரு வெள்ளைக்காரி பிள்ளையை வாங்கி, அந்த வேக்காட்டிலும் அதன் தலையில் ஒரு கம்பளித் தொப்பியை மாட்டினாள்.

"இந்த வெயில்ல எதுக்குத் தொப்பி?" என்று பேச்சியம்மா கேட்டாள்.

"அந்த நாட்டில சரியான குளிர்" என்றாள் நோனா.

எந்த நாடு என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியபோது கேட்க ஆள் இல்லை. வெள்ளைக்காரி அழுதாள். பேச்சியம்மா அழவில்லை. மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் கண்டபோதுதான் அழுதாள்.

மூன்று மாதம் கழித்து வீரையா உயிரோடு வந்து நின்றான். எந்த பஸ்ஸிலும் அவன் எரியவில்லை. வன்னிக் காட்டில் மலேரியாவோடு கிடந்திருக்கிறான். வாசலில் நின்றபடியே, "புள்ள எங்க?" என்றான். கொடுத்துவிட்டேன் என்றால் அவன் கொழும்புக்கே நடந்து போயிருப்பான். அல்லது அவளை அந்த இடத்திலேயே கொன்றிருப்பான். "காய்ச்சல்ல போயிருச்சு" என்றாள். ஒரு நாள் அழுகையோடு அந்தப் பொய் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். வன்னியில் தர்மபுரத்துக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அவன் வடலி ஓலை வெட்டிவந்து பெட்டி பின்னத் தொடங்கியபோதுதான், தான் செய்த காரியம் அவளுக்கு விளங்கியது.

முதல் தைப் பூசைக்கு அவள் செத்துப் பிழைத்தாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் படையல் போட்டால் ஆயுசு குறையும் என்பார்கள். கோடாங்கி தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். யார் மேலும் ஒன்றும் இறங்கவில்லை. வீரையா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாம்பிராணியை அணைத்தான். பேச்சியம்மா குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். செத்திருந்தால் வந்திருப்பாள். வரவில்லை. அப்படியென்றால் இருக்கிறாள்.

போட்டோ ஒன்றும் வரவில்லை. வருவதற்கு விலாசமும் இல்லை, தபாலும் இல்லை. மற்ற வீடுகளுக்கு வெளிநாட்டுக் கடிதம் வருவதுபோல் இவளுக்குத் தை மாதத்தில் அந்த அமைதி வந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த தைவரை ஓட்டினாள்.

தொண்ணூற்றெட்டாம் வருடத்துத் தை அப்படி வரவில்லை.

"இந்த வருசம் புள்ள சமஞ்சிருப்பா" என்றான் வீரையா. "பாவாடையோட வச்சுக் கும்பிட்டா அவளுக்கு வெக்கமா இருக்கும். அதான் வராம இருக்கா. தாவணி வைக்கணும்."

சண்டையும் சாமான் தடையுமாக, துணிக்குப் பஞ்சமான காலம். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பனடோல் மாத்திரை எல்லாவற்றுக்கும் பஞ்சம். அவர்களுடைய வளவில் வட்டக்கச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த விமலேஸ்வரி கொட்டில் போட்டு இருந்தாள். வீரையா அவளுடைய கூரையை மேய்ந்து கொடுத்தான். அதற்குப் பதிலாக அவள் டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு மஞ்சள் நைலெக்ஸ் சேலையைக் கிழித்துப் பாதி கொடுத்தாள்.

"செத்ததுக்கு நைலெக்ஸ். இருக்கிறதுக்குக் கந்தல். நல்ல சனமப்பா நீங்கள்" என்றாள் விமலேஸ்வரி. அவள் வாய் அப்படி.

இருக்கிறது என்று அவள் சொன்னது சிவரூபியை. வன்னியில் பிறந்த இளையவள். பன்னிரண்டு வயது. பெட்டியிலிருந்து எடுக்கிற பழைய உடுப்பு வருடா வருடம் அவளுக்குத்தான். அக்கா உடுத்தாமல் தருகிற உடுப்பு என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடிப்பாள்.

வீரையா இந்த முறை கோடாங்கியையும் மாற்றினான். துணுக்காய்ப் பக்கத்திலிருந்து அடுத்த ஊரில் வந்து குடியிருந்த சுடலைமுத்து. அவன் அடித்தால் உரலும் ஆடும் என்று பேச்சு. அதைக் கேட்ட நாளிலிருந்து பேச்சியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய கோடாங்கிக்கு வராதவள், கெட்டிக்காரன் கூப்பிட்டால் வந்துவிடுவாளா? இத்தனை வருடமும் வராமல் இருந்தது அவள் உயிரோடு இருந்ததாலா, கூப்பிட்டவன் சோடையாக இருந்ததாலா?

விளக்குக்கு எண்ணெய் இல்லாததால் பொழுதிருக்கவே பூசை. சிவரூபிக்கு இரண்டு நாளாக விரதம், வெறும் தேத்தண்ணீர். மத்தியானம் அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்துப் பேச்சியம்மா வாளி வாளியாக ஊற்றினாள். பிள்ளை உடம்பைக் குறுக்கிக் குறண்டிக்கொண்டு இருந்தாள்.

"அம்மா, தலை இடிக்குது."

"விரதம்னா இடிக்கும்."

விமலேஸ்வரி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எடி பேச்சி, இவளுக்கு முந்தநாளும் நடுங்கினது. நீ வயலுக்குப் போயிட்டாய், நான்தான் சாக்கால மூடிவிட்டனான். மலேரியாவோ எண்டு ஒருக்கா ரத்தம் குத்திப் பார்க்கச் சொல்லு."

"நாளைக்குப் போறேன்க்கா."

"நாளைக்கு, நாளைக்கு. பேயை இண்டைக்குக் கூப்பிடுவியள், டொக்டரை நாளைக்குக் கூப்பிடுவியள்."

பேச்சியம்மாவின் காதில் அது விழுந்தது. உள்ளே போகவில்லை. அவளுக்கு அன்றைக்கு ஒரேயொரு நினைப்புத்தான் இருந்தது. வராதே, தாயி. யார் கூப்பிட்டாலும் வராதே.

முற்றத்தை மெழுகி, வாழையிலையில் பொங்கல் வைத்து, பெட்டியை இறக்கி, மஞ்சள் தாவணியை அதன்மேல் விரித்தார்கள். ஈரத் தலையோடு சிவரூபி முன்னால் உட்கார்ந்தாள். சுடலைமுத்து கசிப்புச் சாராய மணத்தோடு வந்து, கற்பூரம் சின்னதாக இருக்கிறது என்று முறைப்பட்டு, உடுக்கை எடுத்தான். எடுத்த பிறகு அவன் வேறு ஆள். உடுக்கு அழுதது, இரந்தது, அதட்டியது. எந்த மலையில் இருக்கிறாய், எந்தக் கடல் தாண்டி இருக்கிறாய், உன்னைப் பெத்தவன் கூப்பிடுகிறான் வா என்று அவன் பாடினான். கடல் என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சியம்மா நிலத்தை நகத்தால் பிறாண்டினாள்.

சிவரூபியின் தோள் ஆடியது.

முதலில் தோள். பிறகு தாடை. பிறகு உடம்பு முழுவதும். பல் கிடுகிடுவென்று அடித்தது. கண் மேலே செருகியது.

"வந்திருச்சு!" சுடலைமுத்து எழுந்துவிட்டான். "யாரு வந்திருக்கிறது? சொல்லு தாயி! எங்கேருந்து வர்ற?"

"குளிருது" என்றாள் சிவரூபி.

வீரையா அப்படியே குப்புற விழுந்தான். "என் ராசாத்தி, என் தாயி, அப்பனப் பாக்க வந்திட்டியா" என்று மண்ணில் முகத்தைத் தேய்த்து அழுதான்.

"குளிருது... குளிருது..."

பேச்சியம்மாவுக்கு அந்தக் கம்பளித் தொப்பி கண்முன் வந்தது. குளிர் நாடு. போய்விட்டாள். என் பிள்ளை அந்தக் குளிரில் செத்துப்போய்விட்டாள். அவள் தவழ்ந்து போய்ச் சிவரூபியின் காதருகே வாயை வைத்தாள். உடுக்குச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது.

"எப்படிம்மா போன? சீக்கா? அவ உன்ன நல்லா வச்சிருந்தாளா? சோறு போட்டாளா? என்ன நினைச்சியா? சொல்லிட்டுப் போ, ஒண்ணு சொல்லிட்டுப் போ."

விமலேஸ்வரி வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தாள். "விசரங்களே, அது காய்ச்சல் நடுக்கம்! முந்தநாளும் இதே நேரம்தான்! பிள்ளையைத் தூக்குங்கோ!"

"தொடாதீங்க!" என்று சுடலைமுத்து கத்தினான். அவன் கள்ளன் இல்லை. நம்பித்தான் கத்தினான். "வந்த கன்னிய மலையேத்தாம தொட்டா இந்தப் புள்ள உசுரு போயிரும்!"

விமலேஸ்வரி கேட்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்தாள். அவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளி விழுத்தியது வீரையா அல்ல, கோடாங்கியும் அல்ல. பேச்சியம்மா. இன்னும் கேட்க வேண்டியிருந்தது அவளுக்கு. மலையேறிவிட்டால் திரும்ப யாரிடம் கேட்பாள்?

கேட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் முற்றத்தைக் கடந்து குசினி வாசலுக்குப் போயிற்று. கற்பூரம் அணைந்தது. நடுக்கம் ஓய்ந்து பிள்ளை சரிந்தாள். இப்போது அவளுடைய உடம்பிலிருந்து அடுப்பிலிருந்து வருகிற மாதிரிச் சூடு வந்தது. வாயோரம் நுரை. உதடு அசைந்தது. எல்லாரும் குனிந்தார்கள்.

"அம்மா... தண்ணி தாங்கோ... போர்த்து விடுங்கோ அம்மா..."

பேச்சியம்மா விறைத்துப்போனாள்.

தண்ணி தாங்கோ. வன்னிப் பிள்ளையின் தமிழ். பால்குடி மாறாமல் போனவளுக்குத் தண்ணீர் என்ற சொல்லை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அம்மா என்று கூப்பிட அவளுக்கு எப்படித் தெரியும்?

"இது அவ இல்ல!" என்று அலறினாள். "விடுங்க! இது ரூபி! இது அவ இல்ல! அவளுக்குத் தமிழ் தெரியாது!"

உடுக்கு நின்றது.

"தெய்வத்துக்கு எந்தப் பாசையும் தெரியும், தங்கச்சி" என்றான் சுடலைமுத்து மெதுவாக.

"செத்தாத்தானே தெய்வம்! அவ சாகல. நான் குடுத்திட்டேன். வெள்ளைக்காரி கையில குடுத்திட்டேன். அவ சாகல!"

வீரையா மண் ஒட்டிய முகத்தோடு எழுந்து உட்கார்ந்தான். நெற்றிச் சந்தனம் கண்ணீரில் வழிந்து மூக்கில் நின்றது. அவளைப் பார்த்தான். அவன் அடிப்பான் என்று விமலேஸ்வரி நினைத்தாள். பேச்சியம்மாவும் நினைத்தாள். அதற்கு அவள் தயார். முதலில் பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, உடம்பில் எலும்பில்லாததுபோல் வழிந்து வழிந்து விழுந்தது.

வீரையா எழுந்தான். சைக்கிளைக் கொண்டுவந்தான். பிள்ளையைக் கரியரில் இருத்தித் தன் முதுகோடு சாய்த்து, பெட்டிமேல் கிடந்த மஞ்சள் தாவணியை இழுத்து எடுத்து, இருவரையும் சேர்த்து வயிற்றில் முடிச்சுப் போடச் சொல்லி விமலேஸ்வரிக்குக் கண்ணைக் காட்டினான். பிறகு மிதித்தான். பேச்சியம்மா பின்னால் ஓடினாள். கிரவல் ரோட்டில் ஷெல் விழுந்த குழிகளில் சைக்கிள் இறங்கி ஏறும்போதெல்லாம் பிள்ளையின் தலை அவன் முதுகில் மோதுவதை அவள் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

மலேரியாவை மூளைக் காய்ச்சல் ஆக்கிவிட்டீர்கள், மத்தியானமே கொண்டுவந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் ஏசினார். கட்டில் இல்லை. மாமரத்துக்குக் கீழே பாயில் கிடத்தி, கிளையில் சேலைன் போத்தலைக் கட்டிக் கொயினைன் ஏற்றினார்கள். பிள்ளை ஆளை அறியாமல் கிடந்தாள். அந்தப் பக்கம் வீரையா, இந்தப் பக்கம் பேச்சியம்மா. நடுவில் பிள்ளை. அடுத்த நாள்தான் அவன் வாயைத் திறந்தான்.

"எந்த நாடு?"

"தெரியாது."

"என்னா பேரு வச்சாங்க?"

"தெரியாது."

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு என்னைய வச்சுப் படையல் போடவச்சியே. வருசா வருசம், இந்தக் கையால. அவளுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா அது நான் செஞ்சதுதானே?"

அவன் சேலைன் போத்தலை நிமிர்ந்து பார்த்தான்.

"இருக்காளா?" என்றான்.

"போன தை வரைக்கும் இருந்தா."

அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. இந்தத் தைக்குக் கூப்பிட்டது பாதியில் நின்றுபோயிற்று. வராமல் இருந்தாளா, வர இருந்தவளை இவளே கத்தித் துரத்தினாளா? உடுக்கை நிறுத்தியவள் இவள்தான். சின்னவளைத் தூக்குவதற்காகப் பெரியவளின் சேதியைக் கீழே போட்டுவிட்டாள். திரும்ப எடுக்க ஒரு வருடம் ஆகும்.

சிவரூபி பிழைத்தாள். தலைமயிர் கொட்டியது. கொயினைனால் காதுக்குள் வண்டு இரைகிறது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காது பிறகும் சரியாகவில்லை. வீட்டுக்கு வந்ததும் வீரையா பெட்டியை எடுத்து எரிக்கப்போகிறான் என்று பேச்சியம்மா பயந்தாள். அவன் எரிக்கவில்லை. குசினிக் கூரையில், புகை படிகிற இடத்தில் செருகிவிட்டான். கிளிநொச்சி ஆமியிடமிருந்து திரும்ப இயக்கத்தின் கைக்கு வந்தது. விமலேஸ்வரி வட்டக்கச்சிக்குத் திரும்பினாள். போகும்போதும் பேச்சியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் சோறு போடு, தண்ணி கொண்டா என்பதற்கு மேல் கதை இல்லாமல் ஒரு வருடம் போயிற்று.

அடுத்த தை வந்தது. வீரையா ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியோடு வயலுக்குப் போனான். பூசை இல்லை.

பூசை இல்லை என்றால் கூப்பிடுவது இல்லை. கூப்பிடாத வீட்டுக்கு ஒருத்தி வராமல் இருப்பதில் என்ன சாட்சி இருக்கிறது? பேச்சியம்மா விடியலிலேயே சுடலைமுத்துவிடம் நடந்து போயிருந்தாள். "இருக்கிற புள்ளைக்கு உடுக்கடிச்சா என் கை விளங்காமப் போயிரும். போயிரு தாயி" என்று அவன் கும்பிட்டான்.

பள்ளிக்கூடம் விட்டுச் சிவரூபி வரும்போது பெட்டி முற்றத்தில் இருந்தது. புகை பிடித்துக் கறுத்திருந்தது. அம்மா அதற்கு முன்னால் நிவாரணத்துப் பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு இருந்தாள்.

"என்னம்மா செய்யிறியள்?"

"இப்படி வந்து உக்காரு."

"நான் மாட்டன்."

"உக்காருடி. கொஞ்ச நேரம்."

பிள்ளை புத்தகத்தை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்சியம்மா டின்னில் அடித்தாள். அவளுக்குப் பாட்டுத் தெரியாது. மலையில் இருக்கிறாயா, கடல் தாண்டி இருக்கிறாயா என்று ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே பிள்ளையின் தோளைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள்.

"ஏதாச்சும் வருதா?"

"இல்லையம்மா. பயமா இருக்கு."

"குளிருதா?"

"இல்லை."

"நல்லாப் பாத்துச் சொல்லு. உள்ளுக்குள்ள?"

"ஒண்டும் வரேல்லையம்மா. சத்தியமா வரேல்லை."

வேலிப் படலை கிறீச்சிட்டது. வீரையா சேற்றுக் காலோடு நின்றான். பெட்டியைப் பார்த்தான், டின்னைப் பார்த்தான், இரண்டு பேரையும் பார்த்தான். பேச்சியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அவன் மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினான்.

"வந்தாளா?"

"இல்ல."

அவன் மூச்சை விட்டான். பிறகு டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இந்தச் சத்தம் அடுத்த வீட்டுக்கே கேக்காது. அவளுக்கு எங்க கேக்கும்?" என்றான். "நல்லா அடிச்சுக் கூப்பிடணும். கூப்பிட்டும் வரலன்னாத்தான் அவ இருக்கான்னு கணக்கு."

இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினான்.